கடாரத்துக் குத்தகைகள்

சுங்கைப் பட்டாணியின் பழைய கடைவீதியில் நடப்போர் ‘பாஜாக் காடாய்’ என்னும் பெயர்ப்பலகையைக் காணாமல் போக இயலாது. புக்கிட் செலம்பாவ், பீடோங், குரூண் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர் பலர், தீபாவளிக்கு முன்னரும் பள்ளி திறக்கும் வேளையிலும் அக்கடைகளின் படிகளில் ஏறி இறங்கியவரே. ‘காடாய்’ என்பது அடகு. அதனை யாவரும் அறிவர். ‘பாஜாக்’ என்னும் சொல் அதனோடு ஏன் ஒட்டி நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

‘பாஜாக்’ என்பது குத்தகை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், அடகு பிடிக்கும் உரிமை அரசாங்கத்திற்கே உரியதாக இருந்தது. அவ்வுரிமையை அரசு, மிகுந்த தொகை தர முன்வந்தவர்க்குச் சில ஆண்டுகளுக்குக் குத்தகையாக விட்டது. குத்தகை முறை மறைந்து நூறாண்டுக்கு மேலாயிற்று. சொல் மட்டும் பலகையில் எஞ்சி நிற்கிறது. அண்டை நாடாகிய இந்தோனேசியாவில் அதே சொல் இன்று ‘வரி’ என்று பொருள்படுகிறது. குத்தகைக்கும் வரிக்கும் இடையே இருந்த உறவை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை.

நம் மொழியிலும் ‘குத்தகை’ என்னும் சொல் இருமுகம் கொண்டது. தமிழகத்துச் சிற்றூரில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் நிலக்கிழாருக்குப் பணமோ நெல்லோ கொடுப்பார். மலேசியத் தமிழில் ‘குத்தகையாளர்’ என்றால், அரசுக்கோ தோட்டத்திற்கோ ஒரு வேலையைச் செய்து முடித்துப் பணம் பெறுபவர். ஒருவர் கொடுப்பவர், மற்றவர் பெறுபவர். முன்னதில் மிகுந்த விலை கேட்டவர் வெல்வார். பின்னதில் குறைந்த விலை கேட்டவர் வெல்வார். அரசாங்கம் குடிமக்களோடு செய்யும் வாணிகத்தின் வரலாறு முழுவதும் இவ்விரு முறைகளுக்குள் அடங்கும். கெடா மாநிலத்தில் இரண்டுமே ஆழ்ந்த தடங்களைப் பதித்துள்ளன. இரண்டிலும் தமிழர்க்குப் பங்குண்டு. பெரும்பாலும் குத்தகை எடுத்தவராக அல்லர்; அதன் சுமையைத் தாங்கியவராக.

பலரறிய விலை கூறி விற்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ‘பெருவிலை’ என்னும் சொல், நிலத்தைப் பலர் முன்னிலையில் விலை கூறி விற்றதைக் குறிப்பதாக ஆய்வாளர் கொள்வர். ‘ஏலம்’ என்னும் சொல்லோ போர்த்துக்கீசியரோடு வந்தது என்பர். மலாய் மொழியின் ‘லெலோங்’ என்பதும் அதே போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்ததே. கப்பலில் வந்த வணிகன் சொல்லையும் சேர்த்தே இறக்கிவிட்டுச் சென்றான் போலும்.

இனிக் கெடாவுக்கு வருவோம். புக்கிட் செலம்பாவ் அடங்கியுள்ள கோல மூடா மாவட்டம், மூடா ஆற்றின் பெயரைத் தாங்கியது. அவ்வாற்றின் முகத்துவாரத்தில் வாழ்ந்திருந்த சீன வணிகர் கோ லாய் ஹுவான். 1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கிழக்கிந்தியக் கும்பெனியின் கொடியை ஏற்றியபொழுது, அவரை நாடிச் சென்ற முதல்வர்களுள் இவரும் ஒருவர். மறு ஆண்டே பினாங்குச் சீனர்களுக்குக் கப்பித்தானாக அமர்த்தப்பட்டார். லைட்டுக்குக் கையில் பணமில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த உதவியோ அற்பம். துறைமுகத்தில் சுங்கம் விதித்தால் கப்பல்கள் வாரா. எனவே அவர் கண்ட வழி குத்தகை. சாராயம், அபினி, சூதாட்டம் ஆகியவற்றை விற்கும் தனியுரிமையை விலை கூறிக் குத்தகைக்கு விட்டார். சாராயக் குத்தகையை எடுத்தவர்களுள் கோ லாய் ஹுவானும் ஒருவர். கோல மூடாவிலிருந்து சென்றவரே பினாங்கு அரசின் முதற் குத்தகைக்காரருள் ஒருவரானார் என்பது நம் வட்டாரத்து ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி.

இக்குத்தகை எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று விரித்துரைப்பது தகும். அரசாங்கம் ஒரு நாளைக் குறித்து அறிவிப்பு வெளியிடும். தொடக்கத்தில் வெளிப்படையான ஏலமாக இருந்தது. பிற்காலத்தில் முத்திரையிட்ட உறைகளில் தொகையை எழுதிக் கொடுக்கும் முறை வந்தது. வென்றவர் பிணைத்தொகை கட்டி, மாதந்தோறும் குத்தகைப் பணத்தைச் செலுத்த வேண்டும். தொடக்கத்தில் குறுகிய காலத்திற்கும், பின்னர் வழக்கமாக மூன்றாண்டுக்கும் உரிமை தரப்பட்டது. கச்சா அபினியை வாங்கிக் காய்ச்சிச் ‘சண்டு’ ஆக்கி விற்பது அவருடைய பொறுப்பு. அந்தக் கச்சா அபினியும் ஏலத்தில் வந்த பண்டமே. வங்காளத்திலும் பீகாரிலும் உழவரைப் பயிரிடச் செய்து, கல்கத்தாவில் கும்பெனி அரசே ஏலமிட்டு விற்றது. ஒரே அரசு கல்கத்தாவில் ஏலமிட்டு ஒருமுறையும், பினாங்கில் குத்தகை விட்டு மறுமுறையும் ஒரே நஞ்சின்மீது பொருள் ஈட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினியின் வழி வந்தது என்பதை நினைவில் இருத்துவோமாக.

குத்தகையை வெல்வது ஒருவரால் ஆகும் செயலன்று. செல்வர் பலர் கூட்டாகச் சேர்ந்து ‘கொங்சி’ அமைத்தே கேட்பர். தோற்றவர் வாளாவிருப்பதில்லை. கள்ளத்தனமாக அபினியைக் கடத்தி விற்று, வென்றவரை நட்டத்தில் ஆழ்த்த முயல்வர். அதனைத் தடுக்க, வென்றவர் தமக்கெனக் காவலாட்களை வைத்துக்கொள்வர். இரகசியச் சங்கங்களின் வலிமை இதனால் பெருகியது. கேட்போர் தம்முள் முன்கூட்டியே ஒத்துப்பேசித் தொகையைத் தாழ்த்தி வைப்பதும் உண்டு. அரசு அதிகாரிகள் இதனை அறிந்தும், வேறு வழியின்றி ஏற்ற காலங்கள் உள.

மூடா ஆறு இங்கே முதன்மை பெறுகிறது. ஆற்றின் தென்கரை 1800ஆம் ஆண்டிலிருந்து வெல்லஸ்லி மாநிலம், ஆங்கிலேயர் ஆட்சி. வடகரை கெடா சுல்தானின் ஆட்சி. இரு கரைகளிலும் இருவேறு குத்தகைக்காரர், இருவேறு விலை என்றால், இரவில் ஒரு படகு போதும். ஆகவே பினாங்குக் குத்தகையை எடுத்தவர், எல்லையை ஒட்டிய கெடாவின் குத்தகையையும் தம் வசப்படுத்த விழைந்தனர். லிம் லெங் சியாக் முதலிய பினாங்குப் பெருவணிகர் கெடாவில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆற்றுக்கு வடக்கே அரசு ஒன்று. அதன் பெட்டகத் திறவுகோலோ ஆற்றுக்குத் தெற்கே வாழ்ந்த வணிகர் கையில் என்னும் நிலை உருவாயிற்று.

இந்நிலை முதிர்ந்த காலம் சுல்தான் அப்துல் ஹமீட் ஹலிம் ஷாவின் ஆட்சி. பணம் தேவைப்பட்ட போதெல்லாம் குத்தகையை நீண்ட காலத்துக்கு விட்டு, அதற்கீடாக முன்பணம் வாங்குவது வழக்கமாயிற்று. வரவேண்டிய வருவாய் வருமுன்னரே செலவாயிற்று. 1904இல் அரச குடும்பத்துத் திருமணங்கள் திங்கள் கணக்கில் நீண்ட விழாவாக நடந்தன. அதற்கு முன்னரே கடனில் இருந்த கருவூலம் அதனால் வறண்டது. 1905இல் சயாம் அரசு 26 இலட்சம் வெள்ளி கடன் கொடுத்தது. ஆனால் வெறுங்கையோடு கொடுக்கவில்லை. ஹார்ட் என்னும் ஆங்கிலேயரை நிதி ஆலோசகராக ஏற்க வேண்டியதாயிற்று. அரசுப் பேரவை ஒன்றும் அமைந்தது. 1909 மார்ச்சில் பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் கெடா ஆங்கிலேயரின் பாதுகாப்புக்குள் சென்றது. ஓர் அரசு தன் வருவாயை விலைகூறி விற்றுப் பழகி, முடிவில் தன் உரிமையையே இழந்தது என்று கூறின் மிகையாகாது. சயாம், பிரிட்டன் ஆகியவற்றின் அரசியல் நோக்கங்களும் இதில் கலந்திருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கதவைத் திறந்துவிட்டது கடனே.

நீரிணைக் குடியேற்றங்களில் 1910இல் அபினிக் குத்தகை நீங்கி, அரசே சண்டு விற்கத் தொடங்கியது. கெடாவிலும் அக்காலத்தை ஒட்டிக் குத்தகைகள் படிப்படியாகக் கைவிடப்பட்டன. நஞ்சு நீங்கவில்லை, விற்பவர் மாறினார்.

சண்டு சீனத் தொழிலாளியை உறிஞ்சியது. தமிழ்த் தொழிலாளியை உறிஞ்சியது கள். தாயகத்தில் இதுவும் ஏலப் பொருளே. சென்னை மாகாணத்தில் 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டத்தின்கீழ்க் கள்ளுக்கடைகள் ஆண்டுதோறும் ஏலமிடப்பட்டன, மரத்திற்கும் வரி. 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மையாரும் கள்ளுக்கடை மறியலில் இறங்கியதை நம் மாணவர் படித்திருப்பர். மலாயாத் தோட்டங்களிலோ ஏலம் கூடத் தேவைப்படவில்லை. தோட்ட நிருவாகத்தின் உரிமத்தின்கீழேயே கள்ளுக்கடை நடந்தது. சம்பளம் கொடுத்த கையே அதன் ஒரு பகுதியைக் கள்ளுக்கடையில் திரும்பப் பெற்றது. கங்காணியின் கடன் புத்தகமும் கள்ளுக்கடையின் குவளையும் பல குடும்பங்களை மூன்று தலைமுறைக்கு மேலெழவிடாமல் செய்தன.

அதனை எதிர்த்து எழுந்த குரல் கெடாவிலிருந்தே வந்தது. பீடோங்கில் ஹார்வர்ட் தோட்டத்தை நடுவாகக் கொண்டு ஏ. எம். சாமி அமைத்த தொண்டர் படை, போருக்குப் பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கள்ளுக்கடை மறியலை நடத்தியது. இளைஞர் அணிவகுத்து நின்று, கடைக்குச் செல்வோரைத் தடுத்துத் திருப்பியனுப்பினர். அரசு இதனை ஒழுங்குக் குலைவு எனக் கொண்டது. 1947ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் பீடோங்கில் போலீசாரோடு மோதல் நிகழ்ந்தது, பலர் சிறைப்பட்டனர். ஏப்ரல் திங்களில் கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். வருவாய்க் குத்தகை என்னும் பழைய மரத்தின் கடைசிக் கிளையை வெட்ட முனைந்தவர்கள் ஏட்டறிவு மிக்கவர் அல்லர், பால்மரம் சீவியவர்கள்.

ஈண்டு ஒன்று கூறாமல் செல்ல மனம் வரவில்லை. தமிழகத்தில் மதுவிலக்குத் தளர்ந்த பின், மதுக்கடைகள் மீண்டும் ஏலத்திற்கு வந்தன. கூட்டுச் சேர்ந்து விலையை அடக்கும் பழைய நோயும் உடன்வந்தது. 2003இல் தமிழக அரசு சில்லறை விற்பனையையும் தன் வாணிபக் கழகத்தின் கையில் எடுத்துக்கொண்டது. 1910இல் சண்டுக்கு நேர்ந்ததும் இதுவே. குத்தகைக்காரரை நீக்கிய அரசுகள் கடையை மூடுவதற்கு மாறாகக் கல்லாவில் தாமே அமர்ந்தன.

இனி மற்றொரு முகம், அரசு பொருளும் வேலையும் வாங்கும் முகம். இதிலும் தொடக்கத்தில் நிற்பவர் பினாங்கிலிருந்து சென்ற ஒருவரே, அவர் தமிழர். 1819ஆம் ஆண்டு மே திங்களில் இராபிள்ஸின் கப்பலில் சிங்கப்பூருக்குச் சென்ற நாராயண பிள்ளை, முதலில் கருவூலத்தில் நாணயம் சோதிக்கும் எழுத்தராக இருந்தார். புதிய நகருக்கு வீடுகள் வேண்டும். வீட்டுக்குச் செங்கல் வேண்டும். அதைக் கண்ட அவர் தஞ்சோங் பகாரில் செங்கற் சூளை அமைத்தார். பினாங்கிலுள்ள நண்பருக்கு எழுதிக் கொத்தரையும் தச்சரையும் வரவழைத்தார். அத்தீவின் முதற் கட்டடக் குத்தகையாளர் என வரலாறு அவரைக் குறிக்கிறது. 1822இல் தீப்பற்றி அவருடைய துணிக்கடை அழிந்தது, கடன்பட்டார், மீண்டும் எழுந்தார். 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் அவர் எழுப்பிய கோயிலே இன்றைய ஸ்ரீ மாரியம்மன் ஆலயம்.

நாராயண பிள்ளையின் வழியில் நம்மவர் பலர் சென்றிருக்க வேண்டுமே எனலாம். செல்லவில்லை; செல்லுமாறு வாயில் அகலவில்லை. குடியேற்ற அரசுகள் தமக்கு வேண்டிய இரும்பு, இயந்திரம், தாள் முதலியவற்றை இலண்டனிலிருந்த அரசு முகவர் வழியே வாங்க வேண்டும் என்பது விதி. உள்ளூரார்க்கு எஞ்சியவை செங்கல், சுண்ணாம்பு, மரம், சரளைக்கல், மாட்டுத்தீவனம், சிறைச்சாலைக்கு அரிசி பருப்பு போன்றவை. அவற்றுக்கும் முதல் வேண்டும், பிணை வேண்டும், ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். தோட்டத்தில் முப்பது காசு, நாற்பது காசு நாட்கூலி பெற்றவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

விலையைக் குறைப்பதென்றால் யார் குறைக்கிறார் என்பதையும் நோக்க வேண்டும். சிங்கப்பூரில் புனித ஆண்ட்ரூ பேராலயத்தைக் கட்டக் கேட்கப்பட்ட விலைகள், அரசு ஒதுக்க விரும்பிய தொகையை மிகவும் மிஞ்சின. குத்தகையாளர் எவரையும் அமர்த்தாமல், நாடு கடத்தப்பட்டு அங்கே இருந்த இந்தியக் கைதிகளைக் கொண்டே அரசு அதனைக் கட்டியது. 1861இல் பணி முடிந்தது. எந்தக் குத்தகையாளராலும் அவ்விலைக்கு முடியாததைக் கைதியின் கை முடித்தது. கைதிகளின் காலம் நீங்கியபின், சாலைகளையும் இரயில் பாதைகளையும் அமைத்த இடத்தில் நின்றவர் தமிழ்க் கூலிகள். 1915இல் அலோர் ஸ்டாருக்கு இரயில் வந்தது; 1918இல் பாதை பாடாங் பெசாரில் சயாம் இரயிலோடு இணைந்தது. மிகக் குறைந்த விலை என்று ஏட்டில் பதிவாவது, பல வேளைகளில் எவனோ ஒருவனுடைய கூலியில் பிடிக்கப்பட்ட தொகைதான்.

1957க்குப் பின் நிலை மாறியது. 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். நாட்டின் சாலை, கட்டடக் குத்தகைகளுக்குப் பொறுப்பான அமைச்சில் ஒரு தமிழர் அமர்ந்தார். ஆயினும் அவர் பெயர் நம் மக்கள் நெஞ்சில் நிற்பது வேறொரு விலைபேச்சால். வெள்ளையர் தோட்டங்களை விற்றுவிட்டுச் செல்ல, வாங்கியவர் துண்டு துண்டாக்கி விற்க, தொழிலாளர் வீட்டையும் வேலையையும் இழந்த காலம் அது. அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடம் சிறு சிறு தவணைகளாகப் பங்குத்தொகை திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் முதன்முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம். விலைகேட்கும் மேசையில் அதுவரை பேசப்படும் பொருளாக மட்டும் இருந்தவர்கள், அன்று விலை கேட்பவராக அமர்ந்தனர்.

அரசு வாங்கும் முறைக்கு வருவோம். 1949ஆம் ஆண்டின் அரசாங்க ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தங்கள் எழுத்தில், அரசின் பெயரால், அதிகாரம் பெற்றவர் கையெழுத்தோடு அமைய வேண்டும் என்றது. 1957ஆம் ஆண்டின் நிதிமுறைச் சட்டமும், அதன்வழி வந்த கருவூல ஆணைகளும் மற்றவற்றை வகுத்தன. சிறு தொகைக்கு நேரடிக் கொள்முதல்; இடைத்தொகைக்கு விலைப்புள்ளி; பெருந்தொகைக்கு ஒப்பந்தப்புள்ளி, அதாவது டெண்டர். அறிவிப்பு வெளிவந்து உள்ளூர் டெண்டருக்குக் குறைந்தது 21 நாள் அவகாசம் தர வேண்டும். பூட்டிய பெட்டியில் உறை இடப்படும். குறித்த நாளில் நண்பகல் 12 மணிக்குப் பெட்டி மூடப்படும்; ஒரு நிமிடம் பிந்திய உறையும் ஏற்கப்படாது. திறக்கும் குழுவினர் ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்டு, பெயரை மறைத்து மதிப்பீட்டுக்கு அனுப்புவர். பொருளின் தரத்தை ஆய்வோர் விலையை அறியார். விலையை ஆய்வோர் வேறு குழுவினர். மிகக் குறைந்த விலை என்பதற்காகவே ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் கட்டாயமில்லை. கட்டுப்படியாகாத விலையைக் கேட்டவர் நடுவழியில் வேலையைக் கைவிடுவார் என்பதை அரசு பட்டறிந்திருக்கிறது.

விதிகள் நல்லவை. அவற்றை ஒட்டியே வேறொரு கொள்கையும் நடந்தது. 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையின்படி, குறிப்பிட்ட மதிப்புக்கு உட்பட்ட குத்தகைகள் பூமிபுத்ரா குத்தகையாளர்க்கு ஒதுக்கப்பட்டன. பெரியவற்றில் அவர்க்கு விலைச்சலுகை தரப்பட்டது. பொருளாதாரத்தில் பின்தங்கிய பெரும்பான்மையினரை உயர்த்துவது அதன் நோக்கம். அந்நோக்கத்தை நான் குறை கூறேன். ஆனால் ஏழைமை ஓர் இனத்தோடு நிற்பதன்று. தோட்டத்தை விட்டு வெளியேறி, ஒரு சிறு லாரியோடு தொழில் தொடங்கிய தமிழ் இளைஞர் பலர், பெயர் வேறொருவருடையதாகவும் வேலை தம்முடையதாகவும் துணைக்குத்தகை எடுத்தே காலம் கழித்தனர். இதற்கு நாட்டு மக்கள் ‘அலி பாபா’ எனப் பெயரிட்டனர். பெயருக்குரியவர் தம் பங்கை எடுத்த பின், எஞ்சியதில் வேலையை முடிக்க வேண்டும். நாம் முன்னர்க் கண்ட கூலிக் கதையே இங்கும் தொடர்கிறது.

சிறு வேலைகளுக்குப் பதிவுபெற்ற சிறு குத்தகையாளரிடையே சீட்டெடுக்கும் வழக்கமும் உண்டு. இதனைக் கேள்வியுற்ற போது எனக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை நினைவுக்கு வந்தது. பராந்தக சோழன் காலத்தில் வாரிய உறுப்பினரைச் சீட்டெடுத்துத் தேர்ந்த அவ்வூரார், தகுதியில்லாதவர் பெயர் குடத்தில் விழாதபடி முன்னரே கடுமையான விதிகளை எழுதி வைத்தனர். கணக்குக் காட்டாதவர் பெயரும் அவர்தம் உறவினர் பெயரும் குடத்திற்குள் செல்லா.

கணினி வந்தபின் ‘இ-பெரோலேஹான்’ என்னும் மின்கொள்முதல் முறை ஏற்பட்டது. பொருள் வழங்க விரும்புவோர் நிதியமைச்சில் பதிந்துகொண்டு, தாம் வழங்கும் பொருளுக்குரிய துறை எண்ணைப் பெற வேண்டும். கட்டட வேலை செய்வோர் 1994இல் அமைந்த கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில், ஒன்று முதல் ஏழு வரையிலான நிலைகளுள் ஒன்றில் பதிய வேண்டும். கூட்டாகப் பேசி விலை குறிப்பது 2012 முதல் நடைமுறையிலுள்ள போட்டிச் சட்டத்தின்படிக் குற்றம். பினாங்குக் கொங்சிகள் அரசின் கண்முன்னரே செய்த செயல் அது.

இவையெல்லாம் பெருநகரச் செய்திகள் என நம் ஆசிரியர்கள் எண்ண வேண்டா. தமிழ்ப்பள்ளியின் அலுவலகப் பலகையிலேயே ஒரு டெண்டர் அறிவிப்பு ஒட்டப்படுகிறது. அது சிற்றுண்டிச்சாலைக் குத்தகை. ஏழை மாணவர்க்கான கூடுதல் உணவுத் திட்டத்தின் சாப்பாட்டையும் அங்கே சமைப்பவரே வழங்குவது வழக்கம். விண்ணப்பிப்பவர் தொழிலைப் பதிவு செய்திருக்க வேண்டும். உணவு கையாளும் பயிற்சிச் சான்றும் குடற்காய்ச்சல் தடுப்பூசியும் வேண்டும். உணவுப் பட்டியலும் விலையும் படிவத்தில் குறித்திருக்க வேண்டும். படிவம் மலாய் மொழியில் இருக்கும். ஐந்து பிள்ளைகளுக்குச் சமைத்துப் பழகிய ஒரு தோட்டத்துத் தாய், சமையலில் எவருக்கும் இளைத்தவர் அல்லர். படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிடுகிறார். அருகிலுள்ள நகரத்து வணிகர் ஒருவர் நான்கு பள்ளிகளுக்கு நான்கு படிவம் நிரப்பி அனுப்பிவிடுகிறார்.

அறிவிப்பு ஒட்டப்படும் நாளும் பெட்டி மூடப்படும் நாளும் ஆசிரியர்க்கு முன்னரே தெரியும். எவருக்கு எவ்விலை என்பதில் அவர் தலையிடல் ஆகாது. அது விதிக்கு மாறு. ஆனால் படிவத்தின் சொற்களுக்குப் பொருள் சொல்லவும், எந்தச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் பெறலாம் என வந்து கேட்கும் யாவர்க்கும் ஒரே வகையாக எடுத்துரைக்கவும் எந்த விதியும் தடை செய்யவில்லை. பள்ளி முடிந்த ஒரு பிற்பகல் போதும். இடையில் இருப்பவை 21 நாள்கள் அல்லது அதற்கும் குறைவு.